கணப்படுப்புக்குப் பின்னால் ஒரு முக்காலி

கொரின் ஆஷ்பி அம்மையார் ஒரு நாளும் நேரம் தவறியதில்லை. அவரைப் பற்றி மனமாரச் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை என்னிடம் அது ஒன்றே இருக்கிறது. ஆகையால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1974ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் அமெரிக்காவிலிருந்து சிட்னிக்கு வந்தார். ஹாலிவுட்டில் நாற்பத்து மூன்று படங்களில் நடித்தவர். கடைசிப் படம் வெளிவந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இங்கே ஒரு மேடை நாடகத்தில் தாய் வேடம். சிட்னியில் ஆறு வாரம், பிறகு மெல்பேர்னில் எட்டு வாரம் என்று ஒப்பந்தம். அவருக்கு உடை மாற்றிவிடும் உதவியாளாக நான் நியமிக்கப்பட்டேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவள் நான். என் பட்டத்தை ஏற்றுக்கொள்வதா என்பது இந்நாட்டில் பதினெட்டு மாதங்களாகப் பரிசீலனையில் இருந்தது. எனக்குத் தையல் தெரியும் என்பதை மட்டும் உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

முதல் நாள் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

"பெயர்?"

"திருமதி கமலினி விக்னராஜா, அம்மையார்."

"முடிந்துவிட்டதா? ரயில் மாதிரி இன்னும் பெட்டிகள் வந்துகொண்டிருக்கின்றனவா?"

"முடிந்துவிட்டது, அம்மையார்."

"எந்த ஊர்?"

"சிலோன்."

"அது போதும். சிலோன். வாயில் நிற்கிறது." உதட்டுச் சாயத்தை எடுத்துத் திறந்தார். "முகத்தைத் தொங்கப் போடாதே. நான் பிறந்தபோது எனக்கும் பதினாலு எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. ஸ்டூடியோ முதலாளி மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். சூப் வருவதற்குள் அதை வெட்டி எறிந்துவிட்டார். நான் அழவில்லை. நீயும் அழமாட்டாய்."

நான் அழவில்லை. அந்த நாட்டுக்கே பெயர் மாறி இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று பணிவோடு சொல்ல நினைத்தேன், சொல்லவுமில்லை.

மறுநாள் எனக்கு ஒரு சோடி வெள்ளைப் பருத்திக் கையுறைகள் கொடுக்கப்பட்டன. அம்மையாரின் முதுகுக் கொக்கிகளை மாட்டும்போது என் விரல்கள் அவர் தோலில் படக்கூடாதாம். கையுறையோடு சிறு கொக்கி மாட்டுவது எளிதல்ல. ஒவ்வொரு கொக்கிக்கும் அவர் ஒரு கதை சொல்வார். கன்னம் குழிந்து தெரிய வேண்டும் என்று கடைவாய்ப் பற்கள் நான்கைப் பிடுங்கினார்களாம். நெற்றி அகலமாக வேண்டும் என்று முன்மயிரை வேரோடு எடுத்தார்களாம். ஏழு வருட ஒப்பந்தத்தில் மாட்டை இரவல் கொடுப்பதுபோல் வேறு ஸ்டூடியோக்களுக்குக் கொடுத்தார்களாம். முப்பத்தெட்டாவது வயதில், பிறந்த நாளன்று, வேண்டாம் என்று ஒரு கடிதம் அனுப்பினார்களாம். இவற்றையெல்லாம் சொல்லும்போது அவர் குரலில் துயரம் இருக்காது. அதே காரியத்தை அவர் எனக்குச் செய்துகொண்டிருந்தார் என்பதால், எனக்கும் துயரம் வரவில்லை.

இரண்டாவது வாரத்தில் அவர் மேடையில் வசனத்தை மறந்து நின்றார். உடை அறையின் சுவரில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. மேடையில் நடப்பதெல்லாம் அதில் கேட்கும். பேச்சு நின்றது. பிறகு திரை மறைவிலிருந்து மேடை நிர்வாகி டொயில் வரியை எடுத்துக் கொடுத்தது கேட்டது. எனக்குக் கேட்டதுபோல் சபைக்கும் கேட்டிருக்கும்.

அன்று டொயில் கதவடியில் நின்று பேசினார். நான் உடைகளுக்கு நடுவே நின்றேன்.

"மிஸ் ஆஷ்பி, ஒப்பந்தத்தில் இருப்பதைத்தான் சொல்கிறேன். சபைக்குக் கேட்கும்படி மூன்று முறை நான் வரி எடுத்துக் கொடுத்தால், மெல்பேர்னுக்கு உங்கள் இடத்தில் மாற்று நடிகை ஜோன் போவாள். இது ஒன்று."

"ஜோனா? அந்த ரொட்டி மாவா?"

"அவளுக்கு வசனம் பாடம்."

டொயில் போன பிறகு அம்மையார் நெடுநேரம் கண்ணாடி முன் இருந்தார். "நாற்பத்து மூன்று படம்," என்றார், என்னிடமல்ல. "ஒரு தடவையாவது இரண்டு வரிக்கு மேல் நினைவில் வைக்கச் சொன்னார்களா? இரண்டு வரி, வெட்டு, முகத்துக்குப் பவுடர், அடுத்த இரண்டு வரி." பிறகு நாடகத்தின் இரண்டாம் அங்கத்தைச் சொல்லிப் பார்க்கத் தொடங்கினார். ஐந்தாவது வரியில் நின்றுபோனார்.

ஆறாவது வரி என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அப்போதுதான் அவர் முதன்முறையாகத் திரும்பி என்னை நேராகப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நூலகத்தில் புத்தகம் இருந்தது, அம்மையார். பாடமாக்கினேன்."

"எந்த இடத்தை?"

"முழுவதையும்."

அவர் நம்பவில்லை. புத்தகத்தின் நடுவில் ஒரு வரியைச் சொல்லி அடுத்ததைக் கேட்டார். நான் தலை குனிந்து நின்றேன். நடுவிலிருந்து சொல்ல எனக்கு வராது. எங்கள் பள்ளியில் நின்ற நிலையில் ஒப்புவிக்க வேண்டும்; ஒரு சொல் தவறினால் மறுபடி தலைப்பிலிருந்து தொடங்க வேண்டும். பத்து வருடம் அப்படிப் பழகிய வாய் நூல்கண்டு போன்றது. நுனியைப் பிடித்து இழுத்தால் மட்டுமே வரும். ஆகவே முதல் அங்கத்தின் முதல் சொல்லிலிருந்து தொடங்கினேன். மேடைக் குறிப்புகளையும் விடாமல் சொன்னேன். கால் மணி நேரம் கேட்டுவிட்டு அம்மையார் கையை உயர்த்தினார்.

"குரல் பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது," என்றார். "பரவாயில்லை. குரலை நான் போட்டுக்கொள்வேன்."

மேடையில் அமைத்திருந்த வரவேற்பறையில் ஒரு கணப்படுப்பு இருந்தது. மெல்லிய பலகையில் கல்போல் வர்ணம் பூசி, காகிதக் கரிக்கு அடியில் சிவப்பு விளக்கு வைத்து, முன்னால் கம்பிவலை அடித்திருந்தார்கள். அதன் பின்புறம் ஓர் ஆள் குந்தியிருக்க இடமிருந்தது. அம்மையார் சொல்லி நான் அங்கே ஒரு முக்காலி போட்டேன். இரண்டாம் அங்கம் தொடங்குமுன் நான் யாரும் பாராமல் உள்ளே போய்விடுவேன். நடிகர்கள் பேசப் பேச நானும் உதட்டுக்குள் பேசிக்கொண்டே வருவேன். அம்மையாருக்கு வரி தவறினால் அவர் கணப்படுப்பை நோக்கி நடந்து வந்து நெருப்பில் கை காட்டுவார். நான் வலை வழியாகச் சொல்லுவேன். அந்தப் புழுக்கத்தில் சபையோர் நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டிருக்க, அவர் மட்டும் குளிர் காய்ந்தார். ஒரு பத்திரிகை அதைப் புகழ்ந்து எழுதியது: தனிமையில் உறைந்துபோன ஒரு தாயின் கைகளாம்.

லிட்கமில் எங்கள் வீட்டுக் குசினியில் என் கணவர் விக்னராஜா அந்தப் பத்திரிகையை வாசித்துவிட்டு மேசையில் போட்டார்.

"உன்ரை பேர் இதிலை எங்கை கிடக்கு?"

"இல்லைத்தான்."

"பி.ஏ. படிச்சது புகைபோக்கிக்குள்ளை குந்தியிருந்து மந்திரம் ஓதவோ? ஒரு நாளைக்குப் புகை வரும் பார்."

"அவவுக்கு மறந்துபோகுதப்பா. பாவமெண்டு…"

"பாவமெண்டு நீ செய்யேல்லை, கமலினி. எனக்குச் சொல்லாதை. உனக்குத் தெரிஞ்சது அவவுக்குத் தெரியாது எண்ட சந்தோசத்திலை செய்யிறாய்."

அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

நான்காவது வாரம் வெள்ளிக்கிழமை மெல்பேர்னிலிருந்து தயாரிப்பாளர் வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். அன்றுதான் அது நடந்தது.

ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். நான் பாடமாக்கியது அச்சிட்ட புத்தகத்தை. நாடகக்காரர்களோ அதில் சில இடங்களை வெட்டியிருந்தார்கள். தட்டச்சுப் பிரதி டொயிலின் மேசைக்குள் இருந்தது. அதை நான் கேட்க முடியாது. வெட்டு எங்கே வருகிறது என்பதை ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு அறிந்து வைத்திருந்தேன். மூன்றாம் அங்கத்தில் தாயின் பேச்சு ஒன்று ஒன்றரைப் பக்கத்துக்கு உண்டு; அம்மையாரால் அவ்வளவு நீளத்தைத் தாங்க முடியாதென்று ஒத்திகையிலேயே அதை எடுத்துவிட்டிருந்தார்கள். அவர்கள் அந்த இடத்தைத் தாண்டும்போது நானும் தாண்டுவேன். அவர்கள் தாண்டினால்தான் நான் தாண்டுவேன்.

வெள்ளிக்கிழமை அம்மையார் சரியாக அந்த வெட்டு வாயில் நின்றுபோனார். மகனாக நடித்த பிரையன் தன் வரியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தான். அம்மையார் கணப்படுப்புக்கு வந்து கை நீட்டினார். முன்னால் தாண்டிச் செல்ல யாருமில்லை. என் வாய் புத்தகத்தின் வழியே போனது.

"உன் தந்தை இறந்த அன்று நான் அழவில்லை என்று சொன்னார்கள்," என்றேன்.

"உன் தந்தை இறந்த அன்று நான் அழவில்லை என்று சொன்னார்கள்," என்றார் அவர்.

மூன்றாவது வாக்கியத்தில் பிழை எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்கத் தெரியாத வாய் என்பது உண்மை. ஆனால் நிறுத்தத் தெரியாத வாய் அல்ல. நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வாக்கியமாக அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு வரி, பிறகு அடுத்த இரண்டு வரி. கடைசியில், "நீ அந்தப் பெண்ணை மணந்துகொள்ளப் போகிறாய் என்பதும் எனக்குத் தெரியும்," என்று முடித்தார். சபை மூச்சடங்கி இருந்தது. பிறகு கைதட்டினார்கள்.

அவர் அவ்வளவு நன்றாக நடித்து நான் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது, எனக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்பு விளக்குக்கு மேலே இரண்டு கைகள்.

அந்தப் பேச்சை வெட்டியபோது அடுத்த காட்சியையும் அதற்கேற்ப மாற்றியிருந்தார்கள்: மகன் தன் திருமணச் செய்தியைச் சொல்ல, தாய் அதிர்ந்து தேநீர்க் கோப்பையைக் கீழே போட வேண்டும். பிரையன் சொன்னான். அம்மையார் கோப்பையைப் போட்டார். ஐந்து நிமிடத்துக்கு முன் தானே சொன்ன செய்திக்கு அவர் அதிர்ந்ததைப் பார்த்து அரங்கு முழுவதும் சிரித்தது. திரை விழும்வரை அந்தச் சிரிப்பு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

டொயில் கணப்படுப்பின் பின்பலகையை இழுத்துத் திறந்தார். "நீ இங்கே என்ன செய்கிறாய்?" அவருக்குப் பின்னால் தயாரிப்பாளர், பின்னால் பிரையன், எல்லோருக்கும் பின்னால் அம்மையார்.

"எத்தனை நாளாக நடக்கிறது இது?" என்றான் பிரையன். "நான் அங்கே மரம் மாதிரி நின்றேன்!"

"நீ எப்போதும் அப்படித்தான் நிற்கிறாய்," என்றார் அம்மையார்.

தயாரிப்பாளர் கேட்டார்: "மிஸ் ஆஷ்பி, இந்தப் பெண்ணை நீங்கள் இங்கே வைத்தீர்களா?"

அம்மையார் என்னைப் பார்த்தார். கண் இமைக்கவில்லை. "இவளா? இவள் என் உடைகளைப் பார்க்கிறவள். அடுப்புக்குள் சில நாளாக ஏதோ முணுமுணுப்புக் கேட்கிறது. எலி என்று நினைத்தேன். ஒரு வயதான பெண் நடித்துக்கொண்டிருக்கும்போது காதில் வந்து எதையாவது ஓதினால் அவள் வேறு என்ன செய்வாள்?"

நான் முக்காலியிலிருந்து எழுந்தேன். அம்மையார் சொன்னதை மறுத்துப் பேசவில்லை. பெரியவர்களின் பேச்சில் குறுக்கிடுவது எனக்குப் பழக்கமில்லை. அன்றே என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கையுறைகளைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், துவைத்து, பெட்டி போட்டு, தபாலில் திருப்பி அனுப்பினேன்.

சனிக்கிழமை டொயில் சபைக்குக் கேட்கும்படி வரி எடுத்துக் கொடுத்தாராம். அது இரண்டு. ஞாயிறும் திங்களும் நாடகம் இல்லை. ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு எங்கள் வாசலில் ஒரு டாக்ஸி நின்றது. சாரம் கட்டியபடி முன்ஜன்னலில் எட்டிப் பார்த்த என் கணவர் உள்ளே ஓடி வந்தார்.

"கமலினி! ஹொலிவூட் வந்து வாசலிலை நிக்குது. என்ரை சேட் எங்கை?"

அம்மையார் குசினிக் கதிரையில் அமர்ந்தார். நான் தேநீர் வைத்தேன். அவர் கோப்பையைத் தொடவில்லை.

"செவ்வாய்க்கிழமை வா," என்றார். "அடுப்பை ஆணியடித்துவிட்டார்கள். சோபாவுக்குப் பின்னால் இடம் இருக்கிறது."

"தாங்கள் இவ்வளவு தூரம் வந்தது எங்களுக்குப் பெருமை, அம்மையார். எனக்கு ஒரு சிறிய வேண்டுகோள் உண்டு."

"சொல். மெல்பேர்னா? கூட்டிப் போகிறேன்."

"இல்லை. டொயில் அவர்களின் முன்னிலையில் என் பெயரைச் சொல்லி, 'இவரை அங்கே உட்கார வைத்தது நான்தான்' என்று தாங்கள் சொன்னால் போதும்."

அவர் சிரித்தார். "சொன்னால் அன்றைக்கே அந்த ரொட்டி மாவை அனுப்பிவிடுவார்கள். உனக்குத் தெரியும்."

"தெரியும், அம்மையார்."

"நான் விழுவதைப் பார்க்க ஆசைப்படுகிறாய்."

"தேநீர் ஆறிப்போகிறது, அம்மையார்."

என் கணவர் அவரைப் பார்த்துப் புன்னகைத்தபடியே என்னிடம் தமிழில் பேசினார். "மனுசிக்கு உன்ரை பேர் தெரியாது. பார், முழிக்கிறா. ஒருக்காச் சொல்லிவிடன்."

"முதல் நாளே சொன்னனான்."

"ஞாபகம் போன ஆளிட்டைப் போய் ஞாபகத்தைக் கேக்கிறாய்."

"தெரிஞ்சுதான் கேக்கிறன்."

அவர் புன்னகையை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார்.

"என்ன சொல்கிறான்?" என்றார் அம்மையார்.

"தேநீருக்குச் சீனி போதுமா என்று கேட்கிறார்."

அம்மையார் கைப்பையிலிருந்து ஒரு நுழைவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். "புதன்கிழமை பகல் காட்சி. முன்வரிசை. நீ இல்லாமல் நான் எப்படி நடிக்கிறேன் என்று உன் கண்ணால் வந்து பார்." கதவடியில் ஒரு கணம் நின்றார். என் பெயர் என்னவென்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்பது இன்றும் எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமைக் காட்சி எப்படியோ தப்பியது என்று கேள்விப்பட்டேன். புதன்கிழமை நான் என் சாம்பல் நிறச் சேலையை உடுத்திக்கொண்டு ரயிலேறினேன். இருக்கையில் அமர்ந்ததும் சீட்டின் அர்த்தம் விளங்கியது. கணப்படுப்புக்கு நேர் எதிரே, மேடையிலிருந்து நான்கடி தூரம். வாயசைத்தால் அங்கிருந்து தெரியும்.

முதல் அங்கம் ஓடியது. இரண்டாம் அங்கமும் ஓடியது. அவர் ஒரு தடவையும் என் பக்கம் பார்க்கவில்லை. என் உதடுகள் வழக்கம்போல் அவரோடு கூடவே போய்க்கொண்டிருந்தன. அதை உணர்ந்ததும் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் அங்கத்தில், மகன் விடைபெறும் இடத்தில், அவர் நின்றார்.

கணப்படுப்புக்குப் போய்க் கை நீட்டினார். வலைக்குப் பின்னால் ஒன்றுமில்லை. பிரையன் தரையைப் பார்த்தான். மறைவில் டொயில் புத்தகத்தைப் புரட்டும் ஓசை முன்வரிசைக்குக் கேட்டது. அது மூன்றாவதாக இருக்கும். அம்மையார் அந்தத் திசை நோக்கிக் கையை உயர்த்தினார். வேண்டாம் என்ற கை. பிறகு மேடையின் விளிம்புக்கு வந்து என்னைப் பார்த்தார்.

நான் கைக்குட்டையை எடுக்கவில்லை.

"பெரியோர்களே," என்றார், நாடகக் குரலில் அல்ல, உடை அறைக் குரலில். "என் வரிகளெல்லாம் இந்தப் பெண்ணிடம் இருக்கின்றன. போன வாரம்வரை இவள் அந்த அடுப்புக்குள் இருந்தாள். வைத்தது நான்தான். டொயில், கேட்டுக்கொள். நான்தான் வைத்தேன். எலி இல்லை." யாரோ சிரித்தார்கள். "இவள் பெயர்…"

அவர் வாய் திறந்தபடி நின்றது.

அந்த முகத்தை நான் நன்கு அறிவேன். வரி போய்விட்டால் வருகிற முகம் அது. கண்கள் என் முகத்தில் தேடின. என் சேலையில் தேடின. என் மடியிலிருந்த கையில் தேடின. அவர் கேட்டது நான் கேட்டதையே. என் நிபந்தனையின் முதற்பாதியை, தம்முடைய எட்டு வார மெல்பேர்னையும் அதற்கப்பால் இருந்த எல்லாவற்றையும் கொடுத்து, நிறைவேற்றிவிட்டார். மறுபாதிக்கு ஒரே ஒரு சொல் வேண்டியிருந்தது. எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. கைக்குட்டையை எடுத்து உதட்டை நான்கு தடவை அசைத்திருந்தால் போதும்.

நான் அசையவில்லை.

"சிலோன்," என்றார் கடைசியில், மிகத் தாழ்ந்த குரலில். "சிலோன், அடுத்தது என்ன?"

அது என் பெயரல்ல. ஆகவே நான் மறுமொழி சொல்லவில்லை. பக்கத்து இருக்கைக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் கைகளைக் கோத்துக்கொண்டேன். அம்மையார் இன்னும் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு கணப்படுப்பின் அருகிலிருந்த நாற்காலியில் போய் அமர்ந்து, சிவப்பு விளக்கில் கைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். டொயில் திரையை இறக்கினார்.

டவுன்ஹால் நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது முதல் அங்கத்திலிருந்து தொடங்கினேன். நடுவிலிருந்து எனக்கு வராது. ரெட்ஃபெர்ன், ஆஷ்ஃபீல்ட், ஸ்ட்ராத்ஃபீல்ட் என்று நிலையங்கள் போயின. லிட்கமில் இறங்கவில்லை, பாடம் முடியவில்லை. வென்ட்வேர்த்வில்லை அண்மிக்கும்போது அம்மையார் நின்றுபோன அந்த வரி வந்தது. தடங்கலில்லாமல் வந்தது.

எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி நான் தம்மிடம் ஏதோ சொல்வதாக நினைத்து முன்னால் சாய்ந்தார். "மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்?"

"ஒன்றுமில்லை," என்றேன். "தயவுசெய்து மன்னியுங்கள்."